சிறுநீரகம் பெற்றவர்களுக்கு ஆன்டிபாடி பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மா கொடுத்த சிறுநீரகத்தில்தான் என் தம்பி நடமாடுகிறான். ரத்த ரிப்போர்ட் வந்ததும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் வரியைத்தான் அம்மா விரல் வைத்துத் தேடுவார், 1.2 என்றால் வீட்டுக்கே நிம்மதி. ஆனால் அது ஏறும்போது பாதிப்பு பெரும்பாலும் முன்பே தொடங்கியிருக்கும். தானம் பெற்ற உறுப்பை அந்நியமாகக் கருதித் தாக்க உடலே உருவாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களோ பல மாதங்கள் முன்னதாகவே ரத்தத்தில் தென்படலாம்.

1969-இல் படேல், டெரசாகி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன்பே இந்த ஆன்டிபாடி இருந்த 30 பேரில் 24 பேருக்குப் புதுச் சிறுநீரகம் உடனே செயலிழந்தது. அதனால்தான் தானம் தருபவரின் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி பெறுபவரின் ரத்தத்தில் இருக்கிறதா என்று அறுவைக்கு முன் ‘கிராஸ்மேட்ச்’ பரிசோதனையில் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகான வருடங்களுக்கும் அதே கவனம் வேண்டாமா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் லோடு வேலை, நைட் ஷிப்ட் என்று ஓடுகிறவர்கள் நிறைய. புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை வேளை தவறுவது சகஜம் (அவர்களைத் திட்டிப் பயனில்லை). ஆன்டிபாடி புதிதாக உருவாக அதுவே முக்கியக் காரணம். முன்கூட்டித் தெரிந்தால் மருந்தளவைச் சரிசெய்யலாம், தேவைப்பட்டால் சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து (பயாப்சி) பார்க்கலாம். தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் செலவாகும் இந்த ஆன்டிபாடி பரிசோதனையை, உறுப்பு பெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்ய அரசு உத்தரவிட வேண்டும். மருந்து தவறியவர்களுக்கு உடனடியாகச் செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை, சென்னை-81