கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

2019 ஜனாதிபதித் தேர்தல் வாக்களிப்பு நவம்பர் 16. இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஜனாதிபதி வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ச பற்றி இந்த ஒக்டோபர் மாதம் உங்கள் பத்திரிகையில் வந்ததை ஒன்று விடாமல் வாசித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அவருடைய குடியுரிமை வழக்குக்கு நீங்கள் கொடுத்த இடத்தையும், போரின் முடிவில் சரணடைந்து காணாமல் போனவர்கள் பற்றி அவரிடம் கேட்ட கேள்விக்குக் கொடுத்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

குடியுரிமை சின்ன விசயம் என்று சொல்ல வரவில்லை. 2003இல் அமெரிக்கப் பிரஜையானவர் அவர். 2005 நவம்பரில் அண்ணன் மகிந்த ஜனாதிபதியான கையோடு, அமைச்சரவைகூட நியமிக்கப்படாத நிலையில், 21ஆம் திகதியிட்டு அந்த இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது, அது செல்லுமா என்று கேட்டு இரண்டு பேர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்துக்குப் பிறகு இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இந்தத் தேர்தலில் நிற்க முடியாது என்பதால் அது கேட்கவேண்டிய கேள்விதான். ஒக்டோபர் 4ஆம் திகதி மனு தள்ளுபடியானது, 7ஆம் திகதி வேட்புமனு ஏற்கப்பட்டது, இப்போது 35 வேட்பாளர்களில் ஒருவராக நிற்கிறார். சரி, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பத்திரத்தைப் பற்றியே முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தால், அவர் இன்னும் பதில் சொல்லாத கேள்விக்கு எந்தப் பக்கம் மிச்சம்?

ஒக்டோபர் 15ஆம் திகதி கொழும்பு ஷங்ரி-லா ஹோட்டலில் அவர் ஊடகவியலாளர்களைச் சந்தித்தார். வேட்பாளராக அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம் கழித்து நடந்த முதல் சந்திப்பு அது. போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அங்கே கேட்டார்கள். 13,000க்கு மேற்பட்ட முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வு கொடுத்து விடுவித்தோம் என்றார். இராணுவத்தை வழிநடத்தியது தான் இல்லை, இராணுவத் தளபதி என்றார். நீங்கள் எந்த நேரமும் கடந்த காலத்தையே பேசுகிறீர்கள், எதிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றார். உங்கள் பத்திரிகையில் இது உள்பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக வந்தது.

அந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். புனர்வாழ்வு பெற்று வீட்டுக்கு வந்தவர்களை யாரும் தேடவில்லை. வராதவர்களைத்தான் தேடுகிறோம். 2009 மே 18ஆம் திகதி முல்லைத்தீவு வட்டுவாகலில் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்புடன் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் எங்கே என்பது கேள்வி. சொந்தக் கையால் பிள்ளையையும் கணவனையும் ஒப்படைத்த சனம் கேட்கிற கேள்வி அது. இந்த மாற்றிச் சொல்லும் வேலை இன்று நேற்று தொடங்கியதுமில்லை. முல்லைத்தீவு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு விசாரணை நடந்தபோது, சரணடைந்தவர்களின் பட்டியல் இருக்கிறது என்று இராணுவத்தின் 58ஆவது படைப்பிரிவு அதிகாரி சாட்சியம் சொன்னார், அதைக் கொண்டுவாருங்கள் என்றபோது வந்து சேர்ந்தது புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். அன்று நீதிமன்றத்தில் நடந்ததும் இப்போது ஹோட்டல் மண்டபத்தில் நடந்ததும் ஒன்றுதான். இதை உங்கள் செய்தியாளர் இரண்டு வரியில் சேர்த்து எழுதியிருந்தால் வாசகருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

நான் வேலைக்குப் போகிற வழியில்தான் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் இருக்கும் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடிப் போராட்டக் கொட்டில் இருக்கிறது. பத்திரிகையாளர் சந்திப்புக்கு மறுநாள் காலை அதில் சைக்கிளை நிறுத்தினேன். ஒரு அம்மா வழக்கம்போல சேலைத் தலைப்பால் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். லமினேட் பண்ணிய படங்கள், வெயில் பட்டுப் பட்டு முகங்கள் நீலம் பாய்ந்துவிட்டன, அவருடைய மகனின் படத்தில் மீசையும் சட்டைக் கொலரும்தான் இப்போது தெளிவாகத் தெரிகிறது. என் கையில் பத்திரிகையைக் கண்டதும், "என்ன சொன்னவராம் தம்பி?" என்று கேட்டார். பழையதைக் கேட்க வேண்டாமாம் அம்மா என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு இது பழசில்லையே, நான் இண்டைக்கும் தானே தேடுறன்" என்றார். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை எழுதாவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவதாகிவிடும். இராணுவத் தளபதியைக் கேளுங்கள் என்கிறார் கோட்டாபய. அப்போதைய தளபதி சரத் பொன்சேகா இப்போது எங்கே நிற்கிறார்? எதிர் வேட்பாளர் சஜித் பிரேமதாசவின் மேடையில். ஒக்டோபர் 10ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில், தான் வென்றால் தேசிய பாதுகாப்பைப் பொன்சேகாவிடம்தான் கொடுப்பேன் என்று சஜித் சொன்னார். அன்றைய பாதுகாப்புச் செயலாளர் ஒரு மேடையில், அன்றைய தளபதி மற்ற மேடையில். 2010 ஜனாதிபதித் தேர்தலில் நாங்கள் அந்தத் தளபதிக்கே வாக்களித்தோம் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே கேள்வி சஜித்துக்கும் உண்டு: பட்டியலை வெளியிடுவீர்களா, பொன்சேகாவிடம் நீங்களாவது கேட்டீர்களா? இன்னொரு வேட்பாளரான அநுர குமாரவிடமும் கேட்கவேண்டும், அண்மைக்காலம் வரை தளபதியாக இருந்து இப்போது வேட்பாளராக நிற்கும் மகேஷ் சேனாநாயக்கவிடமும் கேட்கவேண்டும்.

கோட்டாபய தரப்பு எல்லாக் குற்றச்சாட்டையும் மறுக்கிறது, அரசியல் பழிவாங்கல் என்கிறது. மறுப்பையும் போடுங்கள், அது அவருடைய உரிமை. ஆனால் தள்ளுபடியான வழக்கையும் குற்றமற்றவர் என்ற தீர்ப்பையும் ஒன்றாக்கி எழுதாதீர்கள். 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் மகள் கோட்டாபய மீது கலிபோர்னியாவில் போட்ட வழக்கு இந்த மாதம் தள்ளுபடியானது. அப்போது அரச பதவியில் இருந்தவருக்கு உள்ள விலக்குரிமையைக் காட்டித்தான் தள்ளுபடி செய்தார்கள். கொலையில் அவருக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா என்ற இடத்துக்கு அந்த நீதிமன்றம் போகவே இல்லை. இதை 'வெற்றி' என்று தலைப்பிட்ட பத்திரிகைகளைக் கண்டேன். கொல்லப்பட்டவர் உங்கள் தொழில்காரர், ஐயா.

ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு சனம் பாதுகாப்பைத்தான் பார்க்கிறது, இதையெல்லாம் இப்போது யார் கேட்கப்போகிறார்கள் என்று என்னோடு வேலைசெய்யும் ஒருவர் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, எனக்கும் பிள்ளைகள் தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். ஆனால் ஒப்படைத்த மனிதருக்குக் கணக்குச் சொல்லாத அரசிடம் என்ன பாதுகாப்பை எதிர்பார்ப்பது? எங்கள் ஐந்து தமிழ்க் கட்சிகளும் பல்கலைக்கழக மாணவர்கள் சேர்த்துவைத்ததால் வேட்பாளர்களிடம் வைக்கும் 13 கோரிக்கைகளில் கையெழுத்துப் போட்டார்கள். நல்லது. அந்தத் தாளை கோட்டாபய தரப்பு நிராகரித்தது, சஜித் தரப்பு பிடிகொடுக்காமல் நழுவுகிறது. போர்க்காலப் பொறுப்புக்கூறல் பற்றி 2015இல் ஜெனீவா ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இந்த அரசே இணை அனுசரணை வழங்கிய 30/1 தீர்மானத்தையும் தான் ஏற்கமாட்டேன் என்று கோட்டாபய அதே சந்திப்பில் சொல்லிவிட்டார். அதுவாவது வெளிப்படையான பதில். அதைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருக்கவேண்டும், தமிழ் வாக்காளர் வாக்குச் சீட்டை எடுக்கும்போது தெரிந்திருக்கவேண்டியது அது.

என்னுடைய கோரிக்கை இவ்வளவுதான். வேட்பாளர்கள் வடக்குக்கு வருவார்கள், கூட்டம் போடுவார்கள், நல்லூரில் அர்ச்சனை செய்யும் படத்தை எல்லோரும் போடுவீர்கள். அந்த நேரம் உங்கள் செய்தியாளர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: சரணடைந்தவர்களின் பட்டியல் எங்கே? புனர்வாழ்வு என்று சொன்னால், அதைக் கேட்கவில்லை என்று சொல்லி மறுபடி கேட்கட்டும். என்ன சொன்னார்களோ அதைச் சுருக்காமல், வேட்பாளரின் பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பதில் சொல்லாமல் போனால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கியது 2017 பெப்ரவரி 20. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். தொடங்கிய நாளையும் சேர்த்தால் வாக்களிப்பு நாள்தான் அவர்களுடைய ஆயிரமாவது நாள். அன்று காலை அந்த அம்மா வாக்குச்சாவடிக்குப் போய்விட்டுத்தான் கொட்டிலுக்கு வருவாராம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
கிளிநொச்சி
28.10.2019