ஐந்து யூரோ புட்டியும் பச்சைப் பருப்பும்

லியோன்,
பிரான்ஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணா,

போன வாரம் போனில் அம்மா "தினமும் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கிறாயாமே" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், நீங்களே அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் உணவகத்தில் மதியக் கூட்டம் ஓய மூன்று மணி ஆகிவிடும். அதற்கப்புறம்தான் சமையலறை ஆட்கள் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பாதி நாள் பருப்புதான். தட்டையாக, கரும்பச்சையில் ஒரு பருப்பு, வெங்காயமும் கேரட்டும் போட்டுக் குழையாமல் வேகவைத்து, மேலே பன்றி இறைச்சி சாசேஜை வில்லை வில்லையாக நறுக்கி வைப்பார்கள். நடுவில் ஒரு புட்டி. அடிக்கண்ணாடி மட்டும் இரண்டு விரல் தடிமன், உள்ளே 46 சென்டிலிட்டர், அது இந்த ஊருக்கே உரிய அளவு. ஆளுக்கு ஒரு சின்னத் தம்ளர் வரும், அவ்வளவுதான். யாரும் அதைக் குடி என்று நினைப்பதில்லை அண்ணா, ரசத்துக்கு அப்பளம் மாதிரி சாப்பாட்டில் அதுவும் ஒன்று.

அந்தப் புட்டியில் பெரும்பாலும் போஜொலேதான் இருக்கும். லியோனுக்கு வடக்கே இருக்கும் மலைச்சரிவுகளில் விளையும் கமே திராட்சையிலிருந்து எடுப்பது. ரோன், சோன் இரண்டு ஆறுகளோடு மூன்றாவதாகப் போஜொலேயும் இங்கே ஓடுகிறது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடையில் ஐந்தாறு யூரோவுக்கே நல்லதாகக் கிடைக்கும். சிவப்பு ஒயின்தான், ஆனாலும் துவர்ப்பு ரொம்பக் குறைவு, அரை மணி ஃபிரிட்ஜில் வைத்துக் குடிக்கலாம். சாசேஜின் கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போது ஒரு வாய் குடித்தால் அதன் புளிப்பு கொழுப்பை வழித்துக்கொண்டு போய்விடும், அடுத்த வாய் பருப்பு முதல் வாய் போலவே ருசிக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் தலைமைச் சமையல்காரர். விலையைப் பார்க்காதே, தட்டில் என்ன இருக்கிறது என்று பார் என்பார்.

அவர் சொன்னது எனக்கு உறைத்தது இங்கே என் வீட்டில் சமைத்தபோதுதான். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்துவிட்டு, விலை கூடுதலான சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தேன். நாவல்பழம் தின்ற மாதிரி வாயெல்லாம் துவர்த்தது, மீனோடு சேர்ந்ததும் இரும்பைக் கடித்தது போல ஒரு ருசி, குழம்பையே கெடுத்துவிட்டது. அப்புறம் மட்டன் குழம்புக்குத் தெற்குப் பக்கத்து கோத் து ரோன் என்ற சிவப்பு ஒயின் வாங்கினேன், நாலரை யூரோ, நல்ல ஒயின்தான். ஆனால் அதில் 14 சதவீதம் ஆல்கஹால், நம் மிளகாய்க் காரத்தை அது இன்னும் எரியவிட்டது. காரமில்லாமல் மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சிக்கு அதே ஒயின் அவ்வளவு பொருத்தம். நம் குழம்புக்கு ஆல்கஹாலும் துவர்ப்பும் குறைந்தது வேண்டும், அதனால் இப்போது மட்டனுக்கும் குளிரவைத்த போஜொலேயே வைக்கிறேன்.

மீனுக்கு மஸ்கடே. நான்ட் நகரைச் சுற்றி, அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் விளையும் வெள்ளை ஒயின். நொதித்த பிறகு அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடேயே சில மாதம் வைத்திருந்து புட்டியில் அடைப்பார்கள், அதில் ஒரு மெல்லிய உப்புச்சுவை இருக்கும். இதுவும் ஐந்து யூரோ பக்கம்தான். நெத்திலியை ரவையில் புரட்டிப் பொரித்து, எலுமிச்சை பிழிவதற்குப் பதிலாக இதை ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும் அண்ணா. முதல் தடவை அப்படிச் சாப்பிட்டபோது எனக்கு வீராம்பட்டினம் கடற்கரை ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பரில் வரும்போது ஒரு மஸ்கடே கொண்டுவருகிறேன். அதுவரை பாண்டிச்சேரி கடையில் ஏதாவது வாங்குவதாக இருந்தால் வெயில் படும் அலமாரியில் நிற்கும் புட்டியை மட்டும் எடுக்காதீர்கள், சூட்டில் ஒயின் கெட்டுப்போயிருக்கும். அண்ணியை நெத்திலிக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம், ஒரு தம்ளர்தான், அதுவும் சோற்றோடுதான் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி