வண்டி பம்பரமாகச் சுற்றுகிறதா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் கடைக்குப் பழுது பார்க்க வரும் டிரிஃப்ட் கார்கள் (வாலை வீசிச் சறுக்கியபடி ஓட்டும் ரிமோட் கார்கள்) அநேகமாக ஒரே புகாரோடு வருகின்றன: "அண்ணே, த்ராட்டிலைத் தொட்டாலே பம்பரம் மாதிரி சுத்துது. இன்னும் பவரா ஒரு மோட்டார் போட்டுடலாமா?"

போட வேண்டாம். மோட்டார் விற்றால் எங்களுக்கு வியாபாரம்தான். ஆனால் சுற்றுகிற வண்டிக்குப் பெரிய மோட்டார் போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவே. குறை பெரும்பாலும் தரையிலோ, டயரிலோ, ஸ்டியரிங்கிலோ, வண்டி சுற்றுவதை உணர்ந்து ஸ்டியரிங்கைத் தானே திருத்தும் ஜைரோவிலோதான் இருக்கும். காட்பாடி, சத்துவாச்சாரிக்காரர்கள் மாலையில் எட்டிப் பார்த்துவிடலாம். குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் அரை நாளை இதற்குத் தொலைக்க வேண்டாம் என்றுதான் இந்த மடல். இதில் சொல்வதெல்லாம் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) வண்டிக்கு. சின்ன வண்டிகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் தரை. டிரிஃப்ட் டயர் ரப்பர் அல்ல, கெட்டிப் பிளாஸ்டிக். வழுக்க வேண்டும், ஆனால் அளவாக வழுக்க வேண்டும். எந்தத் தரையில் ஓட்டப் போகிறீர்கள் என்று டயரை எடுத்துக் கொடுக்கும் முன் நாங்கள் கேட்பது அதனால்தான். பாலிஷ் போட்ட கிரானைட், வழவழப்பான டைல்ஸ், மொசைக் இவற்றுக்குக் கொஞ்சம் பிடிப்புள்ள டயர் வேண்டும். தார் ரோடு, சொரசொர சிமெண்டு, கார்ப்பெட் இவற்றுக்கு மிகக் கெட்டியான டயர். மாற்றிப் போட்டால் முதல் வகைத் தரையில் வண்டி நிற்காமல் சுற்றும், இரண்டாம் வகையில் சறுக்கவே மறுக்கும். எங்களைக் கேட்டால், பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும், சிமெண்டுப் பால் ஊற்றித் தேய்த்த கார் ஷெட்டும்தான் பழகுவதற்கு முதல் தரம். தட்டோடு பதித்த மொட்டை மாடி சரிப்படாது. வண்டியின் அடித்தட்டு தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஓட்டுக்கு ஓடு உள்ள இடைவெளியில் தட்டிக்கொண்டே போகும். மாடிதான் வழி என்றால் வழவழப்பான சிமெண்டு மாடியாகப் பார்த்து, பெருக்கிவிட்டு, காலையிலோ வெயில் தாழ்ந்தோ ஓட்டுங்கள். நம் ஊர் வெயிலில் காய்ந்த தரையின் பிடிப்பு வேறு. ஏழு மணிக்குச் சரியாக இருந்த செட்டிங் பதினொரு மணிக்கு நிற்காது.

நான்கு டயரும் ஒரே வகையாக இருக்கட்டும். ரிம்மில் ஏறவில்லை என்று சுத்தியலால் தட்டாதீர்கள். கொதித்து இறக்கிய வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, துணியால் பிடித்து அழுத்தினால் ஏறிவிடும். தொளதொளவென்று இருந்தால் ரிம்மின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. புது டயரின் பளபளப்பும் அச்சுக் கோடும் தேயும்வரை, ஏறக்குறைய ஒரு பேட்டரி ஓடும் நேரத்துக்கு, எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம். பிவிசி குழாயை அறுத்து டயராக மாட்டுவதும் உண்டு. செலவில்லாத வழிதான், ஆனால் அறுப்பு நேராக இல்லாவிட்டால் சக்கரம் ஆடும், அந்த ஆட்டத்தை ஜைரோ வண்டியின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கைச் சும்மா சும்மா திருப்பும்.

அடுத்து ஸ்டியரிங். பலர் தாண்டிப் போகிற இடம் இதுதான். பவரை அணைத்துவிட்டு, சர்வோவின் (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) கையிலிருந்து ஸ்டியரிங்குக்குப் போகும் கம்பியைக் கழற்றுங்கள். வண்டியைக் கையில் தூக்கி மெல்ல இடப்பக்கம் சாய்த்தால் முன் சக்கரங்கள் தன் எடையிலேயே ஒரு பக்கம் சரிந்து விழ வேண்டும். வலப்பக்கம் சாய்த்தால் மறுபக்கம். நடுவில் எங்காவது தயங்கி நின்றால் அங்கே இறுக்கம் இருக்கிறது: பந்து மூட்டில் தூசி, அதிகமாக முறுக்கிய திருகு, அல்லது மணல் புகுந்த பேரிங். பாலாற்று மணல் கண்ணுக்குத் தெரியாத பொடியாக எல்லா வீட்டுக்குள்ளும் வருகிறது, பேரிங்குக்குள் வராதா? இறுகும் பந்து மூட்டைப் பிளையரால் லேசாக ஒரு நசுக்கு நசுக்கினால் தளர்ந்துவிடும். இந்த இறுக்கம் போகாமல் ஜைரோவைத் திருகுவது வீண் வேலை.

சர்வோ 60 டிகிரி திரும்ப 0.10 வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது, 0.08 என்றால் நிம்மதி. மெதுவான சர்வோவில் ஜைரோ சொன்ன திருத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டி சுற்றி முடித்திருக்கும். சர்வோ சேவர் என்ற ஸ்பிரிங் வைத்த கையைக் கழற்றிவிட்டு அலுமினியக் கை போடுங்கள். அந்த ஸ்பிரிங் திருத்தத்தைப் பாதி விழுங்கிவிடும். சர்வோ 6 வோல்ட்டுக்கானதா, 7.4 வோல்ட்டுக்கானதா என்பதை ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தரும் வோல்ட்டோடு ஒப்பிட்ட பிறகு மட்டும் இணையுங்கள். கூடுதல் வோல்ட்டில் எரிந்த சர்வோவுக்கு வாரண்டி கிடைக்காது, எங்களால் வாங்கித் தரவும் முடியாது. ஜைரோவில் அனலாக், டிஜிட்டல் என்ற தேர்வு இருந்தால் அதையும் பாருங்கள். அனலாக் சர்வோவை டிஜிட்டல் நிலையில் ஓட்டினால் சில நிமிடத்தில் சூடேறிக் கருகும்.

இனி ஜைரோ. அதை டபுள் டேப்பில் தட்டையாக, மோட்டாரிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். கோடையில் டேப்பின் பசை இளகும். மாதம் ஒருமுறை விரலால் அசைத்துப் பாருங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு வண்டி. விளக்கு நிலையாக எரியும்வரை வண்டியைத் தொடக் கூடாது, அசையாமல் இருக்கும் நிலையை அப்போதுதான் அது கற்றுக்கொள்கிறது. கையில் தூக்கிக்கொண்டே ஆன் செய்தால் அன்று முழுவதும் ஸ்டியரிங் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

இப்போது சோதனை. வண்டியை மேசைமேல் வையுங்கள். ரிமோட்டில் வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறதா? இல்லையென்றால் ரிமோட்டில் ரிவர்ஸ் மாற்றுங்கள். அடுத்து, ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் வாலைப் பிடித்து வலப்பக்கம் வெடுக்கென்று தள்ளுங்கள். முன் சக்கரங்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வால் போன பக்கமே சக்கரம் போக வேண்டும். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். எதிர்ப்பக்கம் போனால் ஜைரோவில் திசையை மாற்றுங்கள், ரிமோட்டில் அல்ல. "தொட்டாலே சுத்துது" என்று வருகிற வண்டிகளில் பலவற்றை இந்த ஒரு பொத்தானிலேயே சரிசெய்து திருப்பி அனுப்புகிறோம்.

கெயின் அளவை, அதாவது ஜைரோ எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்பதை, 30 சதவீதத்தில் தொடங்குங்கள். நேராக ஓட்டிப் பார்த்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் முன் சக்கரங்கள் குளிர் ஜுரம் வந்ததுபோல வெடவெடவென்று நடுங்கும். அங்கிருந்து ஐந்து குறைத்தால் அதுதான் உங்கள் வண்டிக்கான அளவு. மூன்று சேனல் ரிமோட்டாக இருந்தால் கெயினை மூன்றாவது சேனலில் வைத்துக்கொள்ளலாம், குனிந்து குனிந்து திருக வேண்டியதில்லை. கெயின் கூடிப்போனாலும் கெடுதல்தான்: நீங்கள் திருப்பத் திருப்ப ஜைரோ எதிர்த்து நேராக்கிக்கொண்டே இருக்கும், வண்டி ரயில் மாதிரி ஓடும்.

முழுத் திருப்பத்தில் சக்கரம் எதிலும் உரசாதபடி எண்ட் பாயிண்ட்டை (ஸ்டியரிங் திரும்பும் எல்லை) இரு பக்கமும் தனித்தனியாக வையுங்கள். ஜைரோவுக்குள்ளேயும் தனி எல்லை இருந்தால் அதையும் வைத்தாக வேண்டும். ரிமோட்டில் போட்ட எல்லையை ஜைரோ தாண்டிப் போகக்கூடும், சர்வோ முட்டி நின்று முனகும். ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எல்லை இரு பக்கமும் சமமா என்பது. அடுத்தது இடது வலது ஸ்டியரிங் கம்பிகளின் நீளம். டிரிம் (ஸ்டியரிங்கின் நடுநிலை) மாற்றினால் வண்டியை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

மோட்டாருக்கு வருவோம். சென்சார் உள்ள 13.5 டர்ன் (கம்பிச் சுற்று) மோட்டார் தாராளம், பழகியவர்களுக்கு 10.5. ஈஎஸ்சியில் ட்ராக் பிரேக் (த்ராட்டிலை விட்டதும் தானே பிடிக்கும் பிரேக்) பூஜ்யம், கூடுதல் வேகம் தரும் பூஸ்ட், டர்போ இரண்டும் அணைப்பு, பஞ்ச் (புறப்படும்போது உள்ள உதைப்பு) குறைவு. கியர் விகிதம் கணக்கிடுவது எளிது: ஸ்பர் (பெரிய பல்சக்கரம்) 84 பல், பினியன் (மோட்டாரில் உள்ள சின்னப் பல்சக்கரம்) 21 பல் என்றால் 4, வண்டியின் உள் விகிதம் 2 என்றால் மொத்தம் 8. எண் கூடக்கூட இழுவை கூடும், வேகம் குறையும். 48 பிட்ச் (பல்லின் அளவு) பினியனை 64 பிட்ச் ஸ்பரோடு சேர்க்காதீர்கள், பல் மொத்தமாகச் சீவிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டை விட்டு, பினியனை அழுத்தி, மோட்டார் திருகை முறுக்கிவிட்டு டிக்கெட்டை உருட்டி வெளியே எடுங்கள். டிக்கெட் கிழியாமல், பல் தடம் மட்டும் பதிந்து வந்தால் இடைவெளி சரி. மோட்டாரில் விரலை மூன்று வினாடி வைக்க முடியவில்லையென்றால் நிறுத்திவிட்டு முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பல் இடைவெளியைத்தான்.

சஸ்பென்ஷனுக்கு நாங்கள் போட்டுத் தரும் தொடக்க அளவு: முன் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து 6 முதல் 8 டிகிரி, பின்னது 2 டிகிரி, பின் சக்கரங்களின் மூக்கு உள்நோக்கி 2 டிகிரி. அதைவிட முக்கியம் எடை. ஒரே உயரமுள்ள இரண்டு டிஜிட்டல் தராசு எடுத்து, முன் சக்கரங்களை ஒன்றிலும் பின் சக்கரங்களை மற்றதிலும் நிறுத்துங்கள். (ஒரு தராசுதான் இருக்கிறதா? மறுபக்கம் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்குங்கள்.) மொத்தம் 1,500 கிராம் என்றால் பின்பக்கம் 850 முதல் 900 வரை இருக்கலாம். பின்னால் குறைந்தால் வால் நிற்காது. மிஞ்சினால் மூக்குக்குப் பிடிப்பில்லாமல் வளைவில் வெளியே ஓடும். பேட்டரியை ஒரு விரல் அகலம் முன்னும் பின்னும் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். வெயில் காலத்தில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் நீர்த்துப்போகும். ஒரு படி கெட்டியானதை ஊற்றுங்கள்.

பேட்டரியில் விளையாட்டு கூடாது. இரண்டு செல் லிபோவுக்கு (லித்தியம் பாலிமர் பேட்டரி) 8.4 வோல்ட் நிறைவு. சார்ஜ் செய்வது 4,000 எம்ஏஎச் பேட்டரிக்கு 4 ஆம்பியரில், பேலன்ஸ் முறையில் (எல்லா செல்லும் சமமாக ஏறும்படி), பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். செல்லுக்கு 3.4 வோல்ட் வந்ததும் ஈஎஸ்சி நிறுத்தும்படி வையுங்கள். நான்கைந்து நாள் ஓட்டப் போவதில்லை என்றால் மொத்தம் 7.6 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டுக் கடைத்தெருவைச் சுற்றாதீர்கள். உப்பிப் போனதைக் கையால் அமுக்கிப் பார்ப்பதும் வேண்டாம், குத்துவதும் வேண்டாம். அதற்கு இனிமேல் சார்ஜ் கிடையாது.

ஓட்டுவது. நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம் போதும். நடுவில் தண்ணீர் பாட்டில் ஒன்று. ஸ்டியரிங்கைப் பாட்டில் பக்கம் திருப்பி, த்ராட்டிலைக் கால்வாசி அழுத்துங்கள். வால் வெளியே வீசியதும் ஸ்டியரிங்கில் உள்ள விரலைத் தளர்த்துங்கள். எதிர்த் திருப்பத்தை ஜைரோ பார்த்துக்கொள்ளும். இனி வண்டியை ஓட்டுவது ஸ்டியரிங் அல்ல, த்ராட்டில். கொஞ்சம் கூட்டினால் வட்டம் விரியும், வாலும் இன்னும் வெளியே போகும். குறைத்தால் வண்டி நேராகும். பயந்துபோய் விரலைச் சட்டென எடுப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. பின் சக்கரத்துக்குத் திடீரென்று பிடிப்பு வந்து வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் பாய்கிறது. தையல் மெஷின் பெடலை மிதிப்பதுபோல, விடாமல், சின்னச் சின்னதாக ஏற்றி இறக்குங்கள். இடப்பக்கம் பத்து வட்டம், வலப்பக்கம் பத்து வட்டம். வலம் மட்டும் வருகிறது, இடம் வரவில்லை என்றால் வண்டியைச் சந்தேகிக்கும் முன் கையைச் சந்தேகியுங்கள்.

அது வந்த பிறகு பாட்டிலை இரண்டாக்கி இரண்டரை மீட்டர் தள்ளி வைத்து எட்டுப் போடுங்கள். நடுவில் திசை மாற்றும்போது த்ராட்டிலை ஒரு கண் சிமிட்டும் நேரம் தளர்த்தி, ஸ்டியரிங்கை மறுபக்கம் தள்ளி, வால் நடுக்கோட்டைத் தாண்டும்போது மறுபடி த்ராட்டில். தாமதமாகக் கொடுத்தால் நேராகிவிடும், முந்திக் கொடுத்தால் சுற்றிவிடும்.

பாடியை வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்க வேண்டாம். பாலிகார்பனேட்டுக்கான ஸ்பிரேயை உள்பக்கம், மெல்லிய பூச்சுகளாக. ஹார்டுவேர் கடை ஸ்பிரே முதல் மோதலிலேயே தோல் உரிந்துவிடும்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 1/10 வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 1/28 அளவில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்குங்கள். அதற்கு ஜைரோ இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், கூடத்து டைல்ஸே போதும். ரப்பர் டயரோடு வந்திருந்தால் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இழுத்து ஒரு சுற்று ஒட்டினால் சறுக்க ஆரம்பித்துவிடும். டேப் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள், பசை தரையில் பட்டால் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியது நாங்கள் அல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகும் சுற்றுகிறது என்றால் வண்டி, ரிமோட், சார்ஜ் செய்த பேட்டரி, இப்போது மாட்டியிருக்கும் டயர் நான்கையும் கொண்டு வாருங்கள். உங்கள் தரையை செல்போனில் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வந்தால் இன்னும் நல்லது. ரிமோட் இல்லாமல் வண்டியை மட்டும் பார்சலில் அனுப்பினால் ஜைரோவைச் சோதிக்க முடியாது. மாலை நேரம் கடையில் கூட்டம். காலையில் வந்தால் நிதானமாகப் பார்த்துத் தர முடியும்.

இப்படிக்கு,
உங்கள் வேலூர் கடையினர்