வண்டியை விற்கச் சொல்லாதே, மனே

மனே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே கிடக்கிறது. உன் மோட்டார் சைக்கிள் கறள் பிடித்துப் போகும், வித்துப்போட்டுக் காசை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கம்மா என்றாய். நான் அதை ஓடுகிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் இப்போது அதைத் திருத்துவதும் நான்தான். பயந்துவிடுவாய் என்று இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

மார்கழி மழையில்தான் தொடங்கியது. ஒருநாள் விடிய உதைத்து உதைத்துக் கால் நொந்துபோயிற்று, ஸ்டார்ட் ஆகவில்லை. கராஜ் தம்பியைக் கூட்டிவந்தேன். அவர் இன்ஜினில் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றிக் காட்டினார், கரி பிடித்து நனைந்துபோய் இருந்தது. நல்ல பிளக்கின் முனை தேத்தண்ணி நிறத்தில் இருக்குமாம். கறுத்துக் கரி படிந்தால் காற்றுப் போதவில்லை, ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது. இவ்வளவையும் ஒரு சின்னப் பிளக்கைப் பார்த்துச் சொல்லலாம் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது, மறுகா கிழமைக்கு ஒருக்கா கராஜில் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது முதலில் கையாலேயே சுற்ற வேண்டும், இலேசாக இறங்கினால் மட்டும்தான் பிளக் சாவியைப் போட்டு இறுக்கலாம், கோணலாக ஏறினால் உள்ளே இருக்கிற அலுமினியப் புரி போய்விடும்.

செயின்தான் நம்ம ஊரில் பெரிய வேலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்றுக்கு அது சிவந்துபோகிறது. பழைய பிரஷ்சை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, கியர் ஒயில் பூசுகிறேன். இன்ஜினை நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றித்தான் துடைப்பேன், ஓடுகிற செயினில் சீலையை வைத்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். நீ அங்கே யாருடைய வண்டியைத் தொட்டாலும் இதை மறக்காதே.

ஒருநாள் செயினை நானே இறுக்கினேன். அச்சு நட்டைத் தளர்த்தி, அச்சுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற அளவுக் கோடும் ஒரே அளவில் வருகிற மாதிரிப் பின்சில்லைப் பின்னுக்கு இழுத்து, திரும்ப இறுக்கி, அந்தச் சந்தோசத்தோடு ஆரையம்பதியிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் பெரியம்மா வீட்டுக்கு வெளிக்கிட்டேன். மண்முனைப் பாலத்தில் ஏறும்போதே வண்டி இழுக்கவில்லை, கருகல் மணமும் வந்தது. நிறுத்தி, பின்சில்லின் நடுவைத் தொட்டேன், அப்பச்சட்டி மாதிரிச் சுட்டது. 2014இல் இந்தப் பாலம் வருவதற்கு முன்னால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற பாதைப் படகுக்காகக் காத்து நின்ற அதே துறைதான். அன்றைக்கு மாதிரியே வெயிலில் நின்றேன். பிறகு குந்தியிருந்து, பெடலிலிருந்து சில்லு வரைக்கும் பிரேக் கம்பியைக் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்தேன். சில்லு பின்னுக்குப் போய்விட்டது, கம்பி அதே நீளம்தானே, அப்போ நான் மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறது! ஆறும்வரை பொறுத்து, கம்பி முனையில் இருக்கிற நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சில்லு உரசாமல் சுழன்றது. பெடலை மிதித்தேன், பிடித்தது, விட்டேன், விட்டது. யாரும் சொல்லித் தராமல் ஒரு பிழையின் காரணத்தை நானே கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை, மனே. பெரியம்மா வீட்டுக்குப் போகும்வரை எனக்குக் கண் கலங்கியபடியே இருந்தது.

இப்போது செயினை இறுக்கினால் பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் திறப்பைக் கையில் எடுப்பேன். கீழ்ச் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் தள்ளினால் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் ஆட வேண்டும், அதற்குமேல் இறுக்கக் கூடாது.

சரி, வண்டியை விற்கவில்லை. நீ வரும்போது சொக்கலேட் வேண்டாம், பிளக் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுக் கட்டு ஒன்று வாங்கிவா, கடையில் பீலர் கேஜ் என்று கேள். உன் வண்டிப் புத்தகத்தில் 0.8 முதல் 0.9 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறது, நான் இன்னும் கண்மட்டத்தில்தான் பார்த்துப் பூட்டுகிறேன்.

அம்மா