நெல் அறுவடை: உங்கள் வயல் நிலவரத்தை வெள்ளி மாலைக்குள் பதிவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அறுவடை இயந்திரம் எந்த வயலுக்கு எப்போது என்ற முறையை முடிவு செய்ய ஞாயிறு காலை 7 மணிக்குப் பொதுக்களத்தில் கூடுகிறோம். மழை வந்தாலும் கூட்டம் உண்டு.

1. கதிரில் 100-க்கு 80 மணி பழுத்திருந்தால் அறுக்கலாம். அடிக்கதிர் மணியை உரித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். மாவாக நசுங்கினால் இன்னும் சில நாள் பொறுங்கள். முற்றிப்போனாலும் நஷ்டம்தான்: மணி உதிரும், அரைக்கும்போது நொய் கூடும்.

2. அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். சேற்றில் இயந்திரம் இறங்காது.

3. பயிர் சாய்ந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஈரத்தில் படுத்த கதிர் சீக்கிரம் முளைவிடும். அதனால் அந்த வயல்களுக்கே முதல் முறை தர வேண்டும் என்பது என் கருத்து. சாய்ந்த திசைக்கு எதிராக, மெதுவாக ஓட்டினால் சேதாரம் குறையும்.

4. பனி காய்ந்த பிறகே அறுப்பு.

5. அறுக்கும்போது ஈரப்பதம் 20 முதல் 25 சதவீதம் இருக்கும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறி நெல் நிறம் மாறிவிடும். அன்றன்றே பரப்பி, அடிக்கடி கிளறி, 14 சதவீதத்துக்குக் கீழ் வந்ததும் மூட்டை கட்டுங்கள். விதைநெல் என்றால் 12 வரை காய வேண்டும். தார்ப்பாய் கூடுதலாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், பலருக்குத் தேவைப்படும்.

பதிலில் ரகம், பரப்பு, கதிர் நிலை, சாய்ந்ததா இல்லையா, நான்கும் வேண்டும். ஃபோன் இல்லாத பக்கத்து வயல்காரரிடமும் கேட்டு, அவருக்கும் சேர்த்துப் போடுங்கள்.