கைய காட்டினா வண்டி நின்னுடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,
புதுச்சேரி நேரு வீதில ரோட்ட கிராஸ் பண்றவங்க கைய காட்டிட்டு இறங்கிடுறாங்க, வண்டி நின்னுடும்னு நம்பிக்கை, ஓட்டுறவரு ஹாரன் அடிச்சாச்சு அவங்க ஒதுங்கிடுவாங்கன்னு அதே ஸ்பீடுல வர்றாரு, ரெண்டு பேரும் அடுத்தவர்தான் நிக்கணும்னு நினைக்கிறாங்க. 50 கிமீ வேகத்துல ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிடும், பிரேக்ல கால் வைக்கவே அவ்வளவு நேரம் ஆகுமே. நைட்ல இன்னும் மோசம், ஹெட்லைட் நமக்கு தெரியுதுன்னா டிரைவருக்கும் நாம தெரிவோம்னு நினைச்சுக்குறோம், கருப்பு சட்டைல போனா கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது. ஆனா சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்ல நடக்குறவங்களுக்குத்தான் முதல் வழின்னு 2017 ஓட்டுநர் விதிமுறைலயே இருக்கு (லைசென்ஸ் வாங்கும்போது யாராவது சொன்னாங்களா?). அழிஞ்சுபோன கோடுகளுக்கு முதல்ல பெயின்ட் அடிங்க, பிளாட்பாரக் கடைகள எடுங்க.
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை