வேம்பு நிற்கட்டும் ஐயா

கூந்தன்குளம்,
பங்குனி 22

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். மஸ்கட்டில் இப்போதே வெயில் ஏறியிருக்கும், மோர் குடி.

பின்வாசல் வேம்பை வெட்டிவிட்டு ஒரு ரூம் எடுத்துவிடலாம் என்று போனில் சொன்னாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. சரி, எழுதியே சொல்லிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கு அந்த மரத்தில் ஏழு கூடு இருக்கிறது. ஏழும் மஞ்சள்மூக்கு நாரை. கொல்லைப்பக்கம் நாற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கொடியில் துணி போட முடியவில்லை, காலையில் முற்றம் கூட்டினால் செத்த மீன் கிடக்கிறது. குஞ்சுகள் விடிய விடியக் கத்துகின்றன. பெரிய நாரை அவ்வளவாகக் கத்தாது, அலகைத் தட்டும்.

நேற்று உச்சி வெயிலில் விறகு எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கிணற்றுப் பக்கக் கிளையில் ஒரு நாரை, வெயிலுக்கு முதுகு காட்டி, இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்து நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சு. சிறகு நடுங்குகிறது, ஆனாலும் மடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இணை வந்தது. குளத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அலகு வழியாகக் குஞ்சுகள்மேல் ஒழுகவிட்டது. அதுகள் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து வாங்கிக்கொண்டன. உன்னை நினைத்துக்கொண்டேன். நாலாம் வகுப்பில், கீழே விழுந்த குஞ்சை நார்ப்பெட்டியில் வைத்துப் பொடிமீன் ஊட்டியவன் நீ. அது பறந்துபோன அன்று நீ சாப்பிடவே இல்லை.

நீ போனதிலிருந்து தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் குறித்து வைக்கிறேன். மாசியில் வேம்பு இலை கொட்டியது, பிறகு செம்பு நிறத்தில் தளிர் விட்டது, இப்போது பூ. பிசான நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளடியாக நிற்கிறது. வரித்தலை வாத்துகள் முன்னாடியே கிளம்பிவிட்டன, அவற்றுக்கு இமயமலையைத் தாண்டிப் போக வேண்டுமே. கூழைக்கடா இன்னும் குளத்துக் கருவேல மரங்களில் இருக்கிறது. அதன் குஞ்சு, தாயின் தொண்டைப் பைக்குள் தலையையே விட்டு மீன் தின்னும். அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பயம்தான், உள்ளேயே மாட்டிக்கொள்ளுமோ என்று.

குறித்து வைக்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. இவை வருவதும் வராததும் மழையைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வந்து குளம் பெருகினால் தையில் ஊரே வெள்ளையாகிவிடும். தண்ணீர் இல்லாத வருஷம் கூடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழையும் முன்போல் முறையாக இல்லை. 2023-இல் மார்கழி பிறந்ததும் எப்படிக் கொட்டியது! காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மழையை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது ஐயா. மரம் நம் கையில் இருக்கிறது.

1994-இல் நம் குளத்தைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள், 2022-இல் உலகத்தின் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சந்தோஷம்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்பே இந்த ஊர் ஆட்கள் வெடி போடாமல், கூட்டில் கை வைக்காமல் இருந்தார்கள். பறவை எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீரும், அடியில் படியும் கரம்பை மண்ணும்தான் நம் வயலுக்கு உரம். உன் தாத்தா கரம்பை அடித்த வயலில் வேறு உரம் போட்டதே இல்லை.

நீ அனுப்பிய ஆள் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரே நாளில் சாய்த்துவிடலாம் என்றார். மேலே குஞ்சு இருக்கிறது என்றேன், கலைத்துவிட்டால் போய்விடும் என்றார். பறக்கத் தெரியாதது எங்கே போகும்? அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனிக்குள் எல்லாம் பறந்துவிடும். அப்புறம் வெட்டலாமே என்பாய். அடுத்த தையில் இதே கிளையைத் தேடி வந்தால் நான் என்ன செய்வேன்?

ரூம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ பிள்ளைகளோடு வந்தால் படுக்க இடம் வேண்டும்தான். பழைய தொழுவம் சும்மாதான் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் அப்பா ஒரு முனையைப் பிடிக்க, கயிறு போட்டு அளந்து பார்த்தோம். நீளம் பதினாறு அடி, அகலம் பதினொன்று. ஜன்னலைக் கிழக்கே வைத்தால் படுத்தபடியே மரத்தைப் பார்க்கலாம். கட்டில் எத்தனை அடி வாங்கப் போகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அம்மா